மாவிளக்குத் தட்டும் தாம்புக்கயிறும்

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். நான் அரசுப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டிலிருந்து மாவிளக்கு எடுத்துச் செல்வது வழக்கம். அப்பா காலமான மறு ஆண்டு, தலைக்கட்டு வரி நோட்டில் எங்கள் வீட்டுப் பெயர் இல்லை என்று சொல்லி, அம்மா சுமந்துசென்ற தட்டை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வேதனையில் ‘தாம்புக்கயிறு’ என்று ஓர் உருவகக் கதை எழுதினேன். ஒரு முப்பாட்டன் ஊருக்காகக் கிணறு வெட்டுகிறார்; தாகம் உள்ளவர் எவரும் இறைத்துக் குடிக்கலாம் என்று கல்லில் பொறித்துவைக்கிறார். அவர் வழிவந்தவர்கள் தாம்புக்கயிற்றைத் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொண்டு வரி வாங்குகிறார்கள். போகப்போகக் கயிற்றுக்கே மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார்கள். கிணறு தூர்ந்துபோனதை எவரும் கவனிப்பதில்லை. படித்த தோழி, “இது சாமியைக் கேலி செய்வது, வழக்கு வரும்” என்கிறார். கிணறு, கயிறு என்று உருவகமாகச் சொன்னால் குற்றமாகாது என்பது என் எண்ணம். மதத்தை இப்படி அங்கதமாக விமர்சிப்பது தவறா? கதையை வெளியிடலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

கடிதத்தையும் கைப்பிரதியையும் இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறருடைய கதைகளைச் செப்பனிடுவதே என் தொழில் என்பதால், சட்டத்தைப் பற்றிச் சொல்வதைவிடக் கதையைப் பற்றியே அதிகம் சொல்ல இயலும். மதத்தை அங்கதத்தால் விமர்சிப்பது தவறன்று. நம் மொழிக்கு அது மிகப் பழைய பழக்கம். ஆனால் உங்கள் கைப்பிரதியில் இரண்டு கதைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒன்று, தட்டைத் திருப்பி அனுப்பியவர்களைக் கேள்வி கேட்கும் கதை. மற்றொன்று, தட்டைச் சுமந்துவந்தவரையே சிரிப்புக்கு இடமாக்கும் கதை. முதலாவதை நீங்கள் அறிந்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது உங்களுக்குத் தெரியாமலே உள்ளே நுழைந்திருக்கிறது.

ஏழாம் பக்கத்தைப் பாருங்கள். மூதாட்டி ஒருவர் நெடுந்தொலைவு நடந்து வருகிறார். முந்தானையில் முடிந்துவைத்திருந்த காசை அவிழ்த்துக் கொடுக்கிறார். தாம்புக்கயிற்றில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு அதன்முன் விழுந்து கும்பிடுகிறார். அங்கே கதைசொல்லி, “கயிற்றுக்கும் பாம்புக்கும் வேறுபாடு அறியாத கிழவி” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கயிற்றைப் பாம்பென்று மயங்குவதாகச் சொல்லும் வேதாந்தத்தின் பழைய உவமையை எடுத்துத் திருப்பிப் போட்ட வாக்கியம், கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூதாட்டி வந்தது தாகத்தோடு. அவர் முன்னால் கிணற்றை மறைத்துக் கயிற்றை மட்டும் காட்டியவர்கள் வேறு ஆட்கள். காசை வாங்கிப் பையில் போட்டவனை ஒரு சொல்கூடத் தொடாமல், காசைக் கொடுத்தவரை நோக்கிச் சிரிக்கிறது கதை. முடிச்சை அவிழ்க்கும் அந்த விரல்களை எழுதியபோது உங்கள் மனத்தில் இருந்தவை அம்மாவின் விரல்கள்தாம் என்றே நினைக்கிறேன். அவ்வளவு நுட்பமாக அந்த இரண்டு வரிகள் வந்திருக்கின்றன. அடுத்த வரியே அவரைக் கைவிடுகிறது.

உருவகத்தால் மதத்தை விமர்சிப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு ஜோனதன் ஸ்விஃப்ட்டின் ‘எ டேல் ஆஃப் எ டப்’ என்ற நூலைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. டப்ளினில் பிறந்து, ஆங்கிலிக்கத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர் அவர். 1704இல் பெயர் போடாமல் வெளியிட்ட அந்த நூலில், ஒரு தந்தை தம் மூன்று மகன்களுக்கும் ஆளுக்கு ஒரு மேலங்கியும் ஓர் உயிலும் விட்டுச் செல்கிறார். அங்கிகள் உடலோடு சேர்ந்து வளரும். வாழ்நாள் முழுதும் கிழியாது. ஆனால் உயிலின் அனுமதி இல்லாமல் அவற்றில் ஒரு நூலைக்கூடச் சேர்க்கவோ எடுக்கவோ கூடாது. மகன்களில் பீட்டர் என்பவர் கத்தோலிக்கத் திருச்சபையையும், மார்ட்டின் என்பவர் லூத்தர் வழிவந்த ஆங்கிலிக்கச் சபையையும், ஜாக் என்பவர் கால்வின் வழிவந்த தீவிரச் சீர்திருத்தப் பிரிவினரையும் குறிக்கிறார்கள். உயில் என்பது விவிலியம்.

நகரத்தில் தோளில் பட்டுமுடிச்சு வைத்துக்கொள்ளும் மோஸ்தர் பரவுகிறது. சகோதரர்களுக்கும் ஆசை. உயிலில் ‘தோள்முடிச்சு’ என்ற சொல்லைத் தேடுகிறார்கள், இல்லை. அவர்களில் படித்தவர், சொல்லாக இல்லாவிட்டாலும் அசை அசையாக இருக்கலாம் என்கிறார், அப்படியும் இல்லை. எழுத்து எழுத்தாகத் தேடலாம் என்கிறார். ஒவ்வோர் எழுத்தாகக் கிடைத்துக்கொண்டே வருகிறது; ‘கே’ என்ற எழுத்து மட்டும் கிடைக்கவில்லை. உடனே அவர், அது பிற்காலத்தில் புகுந்த முறைகெட்ட எழுத்து, பழைய ஏடுகளில் காணப்படாதது, ஆகவே அந்தச் சொல்லைச் ‘சி’ கொண்டு எழுதுவதே சரி என்று நிறுவுகிறார். மறுநாள் மூவர் தோளிலும் பட்டுமுடிச்சுகள். பின்னர் வெள்ளிக் குஞ்சம் மோஸ்தராகிறது. உயில் அதை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. அதற்கும் வழி கிடைக்கிறது: குஞ்சம் என்ற சொல்லுக்குத் துடைப்பக் கம்பு என்றும் பொருள் உண்டு, தந்தை விலக்கியது அதைத்தான்.

இந்தக் காட்சியில் ஸ்விஃப்ட் எவரையும் பேராசைக்காரர் என்றோ வேடதாரி என்றோ திட்டவில்லை. அவர்கள் யோசிக்கும் முறையை மட்டும், ஒரு படிகூட விடாமல், நம் கண்முன் நடத்திக்காட்டுகிறார். மறைநூலைத் தங்கள் விருப்பத்துக்கு வளைக்கும் உரைகாரர்களைப் பற்றிய விமர்சனம் முழுவதும் அந்த ஓர் எழுத்துத் தேடலுக்குள் அடங்கிவிடுகிறது. உங்கள் கதையில் இதற்கு இணையான இடம் ஏற்கெனவே இருக்கிறது. கல்லில் ‘தாகம் உள்ளவர் எவரும்’ என்று பொறித்திருக்கிறதே, அதை நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிட்டீர்கள். வழிவந்தவர்கள் “பேராசை பிடித்தவர்கள்” என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கையும் அடித்துவிட்டு, அவர்களை அந்தக் கல்லைச் சுற்றி உட்கார வையுங்கள். தாகம் உண்டா இல்லையா என்பதை யார் தீர்மானிப்பது என்று ஒருவர் கேட்கட்டும். வரி நோட்டில் பெயர் உள்ளவருக்கே தாகம் ஏற்பட முடியும் என்று மற்றொருவர் விளக்கட்டும். ‘எவரும்’ என்பது ஆண்பாலா பெண்பாலா என்று மூன்றாமவர் இலக்கணம் பேசட்டும். நீங்கள் தமிழாசிரியை, இந்த விவாதத்தை உங்களைப் போல் எழுத மற்றவரால் ஆகாது. ஆண் தலை இல்லாத வீட்டைத் தலைக்கட்டாகக் கணக்கில் கொள்ளாத வழக்கம் எத்தகைய தர்க்கத்தில் நிற்கிறது என்பதை வாசகர் அங்கே தாமாகவே கண்டுகொள்வார்.

அதே நூலில் உங்களுக்குத் தேவையான இன்னொரு காட்சியும் இருக்கிறது. தாங்கள் செய்த தவற்றை உணர்ந்தபின் மார்ட்டினும் ஜாக்கும் அங்கிகளில் ஏறிய ஒப்பனைகளை அகற்றத் தொடங்குகிறார்கள். மார்ட்டின் தையலைப் பொறுமையாகப் பிரிக்கிறார். துணியோடு ஒட்டிப்போன இடத்தில், இழுத்தால் துணி கிழியும் என்றால், அதை அப்படியே விட்டுவிடுகிறார். ஜாக்கோ பீட்டரின் மீதிருந்த கோபத்தில் சரிகையைப் பற்றி இழுக்க, அங்கி மேலிருந்து கீழ்வரை கிழிந்துவிடுகிறது. ஸ்விஃப்ட் இதை எழுதியது சமயச் சீர்திருத்தக்காரர்களைப் பற்றி. நான் உங்கள் கைப்பிரதியின் ஏழாம் பக்கத்தைப் படித்தபோது நினைவுக்கு வந்தது ஜாக்கின் கைகள்.

அவ்வளவு தேர்ந்த கையாக இருந்தும் ஸ்விஃப்ட்டின் குறியும் அவர் நினைத்த எல்லைக்குள் நிற்கவில்லை. தம் சபையை உயர்த்தி மற்ற இரண்டையும் சாடுவதே நோக்கம் என்று அவர் கருதினார். படித்தவர்களில் பலர் சமயம் முழுவதையுமே அவர் இழிவுபடுத்திவிட்டார் என்று கருதினர். 1710ஆம் ஆண்டுப் பதிப்பில் தம் நோக்கத்தை விளக்கி நீண்ட முன்னுரை ஒன்றைச் சேர்க்க நேர்ந்தது. இங்கிலாந்தில் உயர்ந்த திருச்சபைப் பதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு அது கிடைக்கவே இல்லை; 1713இல் டப்ளின் புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குருவாகத்தான் ஆனார். அரசி ஆனுக்கு இந்நூலால் ஏற்பட்ட வெறுப்பே காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். ஆகவே உருவகத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். கிணறு எது, கயிறு எது என்பதை வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்காவிட்டால் கதை தோற்றுவிட்டது என்று பொருள். உருவகம் எழுதுபவருக்குக் கவசமாகாது. அதன் பயன் வேறு: பழகிப் பழகி நம் கண்ணுக்குப் படாமல் போன ஒன்றை, புதிய பொருளாகத் தொலைவில் வைத்துக் காட்ட அதனால் முடியும். வரி நோட்டு உங்கள் ஊருக்குப் பழகிய பொருள். அதைக் கண்டு எவரும் திடுக்கிடுவதில்லை. தண்ணீருக்கு வரி நோட்டு என்றால் திடுக்கிடுவார்கள்.

கடிதத்தின் பின்பகுதியில், கதை முழுவதையும் கயிற்றுக்காரர் ஒருவரின் வாயிலிருந்து, அவரே தம் வழக்கத்தைப் புகழ்வதுபோல் மாற்றி எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். 1702இல் ஆங்கில எழுத்தாளர் டேனியல் டிஃபோ, தாமே ஆங்கிலிக்கச் சபையை ஏற்காத சபை மறுப்பாளராக இருந்தும், சபை மறுப்பாளர்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று கொக்கரிக்கும் ஒரு தீவிரவாதியின் குரலில் துண்டுப்பிரசுரம் ஒன்றை எழுதினார். முதலில் பலரும் அதை மெய்யென்றே நம்பினர்; உண்மை தெரிந்தபின் இரு தரப்பாரும் சினந்தனர். 1703 ஜூலையில் மூன்று நாள்கள் அவரைப் பொது இடத்தில், கழுத்தையும் கைகளையும் பூட்டும் மரச்சட்டத்தில் நிறுத்தினார்கள். தலைகீழ்ப் புகழ்ச்சியை எழுதும் கை மிக நீண்ட பயிற்சி கேட்கும். முதல் கதைக்கு அது ஏற்றதல்ல.

நம் பக்கத்துக்கு வருகிறேன். “நட்ட கல்லைத் தெய்வமென்று நாலு புட்பம் சாத்தியே” என்று தொடங்கும் சிவவாக்கியர் பாடலை வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். மந்திரத்தை “முணமுண” என்ற ஒலியாக்கிவிடுகிறார். “சுட்ட சட்டி சட்டுவம் கறிச்சுவை அறியுமோ” என்று அடுப்படியிலிருந்து உவமையை எடுக்கிறார். கறியோடு நாள் முழுதும் கிடந்தும் சுவை அறியாத அகப்பை என்பதைவிடக் கடுமையாகச் சடங்கைச் சொல்ல முடியாது. வழிபடுபவரையும் அவர் விட்டுவைக்கவில்லை என்று நீங்கள் வாதிடலாம், உண்மைதான். ஆனால் அவர் நேருக்கு நேர் நின்று, “நாதன் உள்ளிருக்கையில்” என்று தாம் நம்பும் ஒன்றை அதே மூச்சில் எதிரே வைத்துவிட்டுப் பேசுகிறார். சிலை வழிபாட்டையே மறுக்க வேண்டும் என்பது உங்கள் கருத்தானால் அப்படி வெளிப்படையாக மறுத்து எழுதுங்கள். அதற்கும் உரிமை உண்டு. கதை சொல்கிறேன் என்ற பெயரில், பதில் பேச வாய்ப்பில்லாத ஒரு மூதாட்டியை நிறுத்திவைத்துச் சிரிப்பது வேறு.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் காப்பிக் கடைக் காட்சி ஒன்று வரும். கடவுளுக்குச் சிக்கரி என்றால் என்னவென்று தெரியவில்லை. காப்பி மாதிரி இருக்கும், காப்பி அல்ல, தெய்வத்தின் பெயரைச் சொல்லிச் சிலர் ஊரை ஏமாற்றுவது போல என்று விளக்குகிறார் பிள்ளை. தெய்வம் என்ற சொல்லைக் கேட்டுக் கடவுள் திடுக்கிடுகிறார். கடவுளை எதிரே உட்காரவைத்துக் காப்பி குடிக்கும் அந்தக் கதையில், சிக்கரிக்கு மட்டுமே அடி விழுகிறது. என் தொழிலில் நான் திரும்பத் திரும்பப் படித்த பக்கங்களில் அதுவும் ஒன்று. தம்ளரை நாம் கையில் பிடித்திருப்பதுபோல் இருக்கும்.

அடுத்து உங்கள் கிணற்றைப் பற்றி. இதை நான் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் ‘இந்தக் கிணற்றில் இன்னார் இறைக்கக் கூடாது’ என்று எழுதினால் அதை எவரும் உருவகமாகப் படிக்கமாட்டார்; நடந்ததாகப் படிப்பார். ஊர்ப் பொதுக்கிணற்றில் தாம்புக்கயிற்றைத் தொடும் உரிமை மறுக்கப்பட்டு, மேலே நிற்பவர் ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள். உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாடில், தாழ்த்தப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த சவுதார் குளத்து நீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்ததும், அவரைப் பின்தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் குடித்ததும் தண்ணீருக்காக மட்டும் அல்லவே. கோயில் மரியாதைக்கு உவமையாகக் கிணற்றை எடுத்தால், உவமை உவமேயத்தைவிடக் கனமாகிவிடுகிறது. நீங்கள் அந்தக் கனத்தை அறியாதவர்போல் எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் கிணற்றடியில் ஊரார் எல்லாரும் முதலில் ஒன்றாக நின்றே இறைக்கிறார்கள், பிறகுதான் கெடுதல் தொடங்குகிறது. அப்படி எல்லாரும் ஒன்றாக இறைத்த காலம் எது என்று ஒரு வாசகர் கேட்டால் கதைக்குப் பதில் இல்லை. கிணற்றை மாற்றி வேறு உருவகம் தேடுங்கள்; அல்லது கிணற்றையே வைத்துக்கொண்டு, வரி நோட்டில் என்றுமே பெயர் ஏறாத ஒருவரையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். இரண்டாவது வழி கடினமானது. ஆனால் உங்கள் அம்மாவின் தட்டை ஒரு வீட்டின் மனக்குறையிலிருந்து வெளியே எடுத்துவரும் என்பதால் நான் அதையே விரும்புவேன்.

இறுதிப் பத்தியை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். “கிணறு என்பது இறையருள், கயிறு என்பது சடங்கு” என்று உரை எழுதிய பின் வாசகருக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

இனி வழக்கைப் பற்றிய அச்சம். லாகூரில் நூல் ஒன்றை வெளியிட்ட பதிப்பாளர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானதைத் தொடர்ந்து, 1927இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295அ பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்றாண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு, பிணை உரிமையாகக் கிடைக்காது. ஆனால் வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன் ஒரு பிரிவினரின் சமய உணர்வைப் புண்படுத்துவதே குற்றம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அறியாமலோ கவனக்குறைவாலோ நேர்ந்த அவமதிப்பு இதற்குள் வராது என்று 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விளக்கியது. இக்குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதியும் தேவை. இம்ரான் பிரதாப்கடி கவிதை வழக்கில் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், எழுத்தின் விளைவை நிதானமும் திடமும் உள்ளவரின் மனத்தை அளவுகோலாகக் கொண்டு பார்க்க வேண்டும், எதிலும் ஆபத்தைக் காணும் பலவீனமான மனத்தைக் கொண்டு பார்க்கக் கூடாது என்றது. உங்கள் கதையில் தீய நோக்கம் என்று சொல்ல ஏதும் எனக்குப் படவில்லை. ஆயினும் கணக்குப்பிள்ளையாக வரும் பாத்திரத்துக்கு நீங்கள் கொடுத்திருக்கும் காது வளையமும் நொண்டும் காலும் உங்கள் ஊரில் உண்மையாகவே உள்ள ஒருவரை அடையாளம் காட்டுமானால், மத வழக்கைவிட அவதூறு வழக்குக்கே அதிக இடம் உண்டு. அந்த அடையாளங்களை எடுத்துவிடுங்கள். ஒருவரின் ஊனம் அங்கதத்துக்கு உரிய பொருளும் அல்ல.

நீதிமன்றத்துக்கு முன்னால் வருவது ஊர்க்கூட்டம். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த ‘சமாதானக் கூட்டத்தில்’ எழுத்தாளர் பெருமாள்முருகன் தம் ‘மாதொருபாகன்’ நாவலுக்காக நிபந்தனையற்ற மன்னிப்பில் கையெழுத்திட நேர்ந்ததும், அத்தகைய ஏற்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தீர்ப்பு வர ஒன்றரை ஆண்டாயிற்று. எவர் அழைத்தாலும் வழக்கறிஞர் ஒருவர் உடனில்லாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். நீங்கள் அரசு ஊழியர் என்பதால், வெளியிடும் முன் பணி நடத்தை விதிகளையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியிடலாமா என்ற கேள்விக்கு: இந்த வடிவில் வேண்டாம், திருத்திய பின் கட்டாயம் வெளியிடுங்கள். கதையை இன்னும் அம்மாவிடம் காட்டவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆண்டுக்குப் பிறகும் அவர் ஆடி வெள்ளிகளில் மாவிடித்து வீட்டிலேயே விளக்கேற்றி வருகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தோழியின் கருத்தையும் என் கருத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு மாலையில் அவர் அருகே உட்கார்ந்து கதையை உரக்கப் படியுங்கள். எந்த வரியில் உங்கள் குரல் தயங்குகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் ஒரு கோடு இட்டு, அந்தப் பிரதியையே எனக்கு அனுப்பிவையுங்கள்.